ஒரே வாயிலிருந்து

சார், இந்த ஆம்ப்ளிஃபயர மடியிலயே வச்சுக்கிறேன், ஒங்க முட்டியில இடிச்சா ஒரு வார்த்தை சொல்லுங்க. கீழ வைக்க மாட்டேன். போன தடவ கீழ வச்சேன், ஒரு அம்மா வந்து அது மேலயே உக்காந்துருச்சு. எந்திரிங்கம்மான்னா, "ஏப்பா, சீட்டு இல்லாதவுகளுக்கு ஸ்டூலு போட்டிருக்காகன்னுல்ல நெனச்சேன்"ங்குது. சிரிக்கிறீங்க. அந்தம்மா கொரலு அப்படியே வருதுல்ல? அதான் சார் நம்ம பொழப்பு. பேரு முத்திருளாண்டி. மேலூர்ல மைக் செட்டு வச்சிருக்கேன். தெருவுல ஆட்டோவுல காய் வருதே, "தக்காளி வெங்காயம் கத்திரிக்கா"ன்னு ரிக்கார்டு ஓடுமே, எங்க சுத்துப்பட்டுல ஓடுறதுல முக்காவாசி என் வாயிதான். ஆளு வேற வேற, வாயி ஒண்ணு.

நீங்க காலேஜு வாத்தியாரா? செவப்புப் பேனாவப் பாத்தேன். பஸ்ஸுலகூட விட மாட்டேங்கறீகளே, பிள்ளைக பரீட்சப் பேப்பரா? இல்லையா. மேல பேரே இல்லையே சார். பேரு இருக்க வேண்டிய எடம் மொட்டையா இருக்கு.

ஓ. அப்ப அது அந்தச் சங்கதிதானா. மதிப்பீட்டுக்கு வந்ததா?

என்ன அப்படிப் பாக்குறீக. மைக் செட்டுக்காரனுக்கு இது எப்புடித் தெரியும்னா? எனக்குத் தெரியும் சார். ஒருத்தர் கட்டுரை எழுதி ஆய்வு இதழுக்கு அனுப்புவாரு. இதழு நடத்துறவரு அதுல பேரைப் பிச்சுப்புட்டு, வெவரம் தெரிஞ்ச ரெண்டு பேருக்கு அனுப்புவாரு. அவுகளுக்கு எழுதுனது யாருன்னு தெரியாது. எழுதுனவுகளுக்கு, படிக்கிறது யாருன்னு தெரியாது. போடலாம், போடக் கூடாது, திருத்திக்கிட்டு வா. இந்த மூணுல ஒண்ணு சொல்லணும். சரியா? எனக்கு மட்டும் இது பிடிபடவே இல்ல சார். மொய் எழுதுறப்பகூட பேரைச் சொல்லித்தான எழுதுறோம். மொகத்தைப் பாக்காம நல்லது கெட்டது எப்புடிச் சொல்றது? கிறுக்குத்தனமால்ல இருக்கு.

கோவிச்சுக்காதீங்க. என் சம்சாரமும் ஒங்க ஆளுகதான். முனைவர் சந்தனமாரி. நான் எட்டாப்பு பெயிலு, அவ முனைவரு. எப்புடின்னு கேக்க வேண்டியதில்ல, எங்க தாய்மாமன் மக. கல்யாணத்தப்ப பி.ஏ. படிச்சுக்கிட்டு இருந்தா. "மச்சான், இதோட நிறுத்தச் சொல்லிறாதே"ன்னா. நான் எதுக்குச் சொல்றேன். படி புள்ள, படிச்சுக்கிட்டே இருன்னேன். நெசமாவே படிச்சுக்கிட்டே இருந்தா. இப்ப ஒரு காலேஜுல கௌரவ விரிவுரையாளரு. பேருலதான் கௌரவம் இருக்கு, வேலை என்னைக்கு இருக்கும் என்னைக்குப் போகும்னு தெரியாது. நிரந்தர வேலைக்குப் போகணும்னா, பேரு சொல்ற இதழ்ல கட்டுரை வந்திருக்கணுமாம்.

அவளுக்கு ஆராய்ச்சி சொல்லிக் குடுத்தவரு தனுஷ்கோடி ஐயா. பெரிய மனுசன். மாரிக்கு அவரு அப்பா மாதிரி. அவளைப் பெத்த எங்க மாமன், மக பாஸானாளா பெயிலானாளான்னுகூடக் கேட்டதில்ல. ஐயா கேப்பாரு. அவரு ஒருநாள் "நல்லாருக்கும்மா"ன்னு சொல்லிட்டாருன்னா, அன்னைக்கு எங்க வீட்டுல வடை பாயாசம்.

அவரு கொரலு நம்மகிட்ட இருக்கு சார். கேளுங்க. மொதல்ல கண்ணாடிய நெத்திக்கு ஏத்துவாரு. தொண்டைய ஒரு தடவ செருமுவாரு, ம்க்கும். அப்பறம், "நல்லாருக்கும்மா. நல்லா உழைச்சிருக்கே. நிற்க." இந்த 'நிற்க' இருக்கு பாருங்க, அது அவரு முத்திரை. ஒரு பேச்சை முடிச்சு அடுத்த பேச்சுக்குத் தாவுறதுக்கு முன்னாடி ஒரு நிற்க. மொத தடவ அவரு வீட்டுக்குப் போனப்ப, "உக்காருங்க. காப்பி சாப்புடுங்க. நிற்க"ன்னாரு. நான் எந்திரிச்சு நின்னுட்டேன். மாரி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. சோறு வடிக்கிறப்ப நான் பின்னாடி போயி, "சோறு வெந்திருக்கிறது. நிற்க. குழம்பில் உப்பில்லை"ம்பேன். கண்ணுல தண்ணி வரச் சிரிப்பா. சட்டியப் போட்டுட்டு உக்காந்துருவா சார், அப்புடிச் சிரிப்பா.

இப்பச் சிரிக்கிறதில்ல. அதுக்குத்தான் வாரேன்.

மாரி ஒரு கட்டுரை எழுதுனா. தெருவுல கூவி விக்கிறாங்கல்ல, பூ, கீரை, கோலமாவு, பழைய பேப்பர், அந்தக் கூவலப் பத்தி. எந்த எடத்துல இழுக்குறான், எந்த எடத்துல வெட்டுறான், ஏன் கடைசி எழுத்தைத் தூக்குறான்னு. இது ஐயாவுக்குத் தெரியாது. ஐயா பழைய இலக்கணம், அவரு வழியில போகாம இவளா ஒண்ணு எழுதணும், அச்சாகி வந்ததும் கொண்டுபோய் அவரு கையில குடுக்கணும்னு ஆசை. சின்னப்பிள்ள மாதிரி மறச்சு மறச்சு எழுதுனா.

அதுக்கு ஒத்தாசை யாரு? நாந்தேன். "மச்சான், பூக்காரம்மா எப்புடிக் கூவும்?" கூவிக் காட்டுவேன். "கீரைக்காரரு?" அதுவும் கூவுவேன். கோலமாவுக்காரன் செத்துப் போயி வருசமாச்சு, அவனையும் எந்திரிக்க வச்சேன். அவ அடுப்படியில உக்காந்து ரிக்கார்டு பண்ணி, எழுத்து எழுத்தா எழுதுவா. வெயிலு இல்ல, அலச்சல் இல்ல. வீட்டுக்குள்ளயே ஊரு முழுக்க விக்கிது. அந்தக் கட்டுரையில பாதி நான் சார். பேருதான் போடல, அது பெருசில்ல.

திருச்சிப் பக்கம் ஒரு இதழுக்கு அனுப்புனா. அதை நடத்துறவரு மெய்கண்டான்னு ஒருத்தரு, போனுல பேசுனாரு. மூக்கால பேசுவாரு. "அம்மா, உங்கள் கட்டுரை இரண்டு மதிப்பீட்டாளர்களிடம் சென்றிருக்கிறது. அவர்கள் யார் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் சொல்ல மாட்டேன்." யாரு கேட்டா இவர. நான் அன்னைக்குப் பூராவும், "அம்மா, குழம்பு யார் வைத்தது என்று என்னைக் கேட்காதீர்கள்"னு மூக்காலயே பேசிக்கிட்டுத் திரிஞ்சேன்.

பல மாசம் கழிச்சுப் பதிலு வந்துச்சு. மொத ஆளு ரெண்டே வரி, போடலாம்னு. ரெண்டாவது ஆளு பக்கம் பக்கமா எழுதியிருந்தாரு. போடக் கூடாதுன்னு.

மாரி கட்டுலு ஓரத்துல உக்காந்திருக்கா, போனு மடியில. மொகம் வெளிறிப் போயிருக்கு. எனக்கு அதப் பாக்க முடியல சார். சிரிக்க வைக்கணும், அவ்வளவுதான் எனக்குத் தோணுச்சு. போனைப் புடுங்கி, கண்ணாடி இல்லாட்டியும் கண்ணாடிய நெத்திக்கு ஏத்துற மாதிரி ஏத்தி, ம்க்கும்னு செருமி, ஐயா கொரல்ல அதை வாசிச்சேன்.

"இக்கட்டுரையில் உழைப்பு தெரிகிறது. நிற்க."

சத்தியமாச் சொல்றேன் சார், அந்த நிற்க நான் போட்டதில்ல. அதுலயே இருந்துச்சு. நானும் பொருத்தமா வந்துருச்சேன்னு இன்னும் உற்சாகமா எடுத்து விட்டேன். "கட்டுரையாளர் காதைத் திறந்து வைத்திருக்கிறார், மனத்தைத் திறக்கவில்லை. கூவல்கள் எந்தத் தெருவில், யாரிடம், எப்போது கேட்கப்பட்டன என்ற குறிப்பே இல்லை. எல்லாம் ஒரே வாயிலிருந்து வந்தவை போலத் தோன்றுகின்றன. அந்த வாய்க்குரியவர் கூவி விற்பவர் அல்லர், கூவி விற்பவரைக் கேலி செய்பவர். யாரோ இவரை அளவுக்கு மீறிப் பாராட்டி வளர்த்திருக்கிறார்கள். அது இவருக்குச் செய்த உதவி அன்று."

மாரி சிரிக்கல. "நிறுத்து மச்சான்"னா. நான் வெளையாட்டுன்னு நெனச்சு, நிற்கன்னு சொல்லு நிறுத்துறேன்னேன். வந்து என் வாயப் பொத்திட்டா. 

"அது ஐயாதான்"னா.

போடி, எல்லா வாத்தியாரும் இப்படித்தான் எழுதுவாய்ங்கன்னேன். இல்ல, ஐயாதான்னா. அதுக்கப்பறம் அழுதா பாருங்க. ஒருத்தரு செத்தா அழுவோமே, அந்தச் சத்தமெல்லாம் இல்ல. வாயத் தொறந்து வச்சுக்கிட்டுச் சத்தமே இல்லாம. நான் எத்தனையோ பேரு அழுகைய எடுத்திருக்கேன். அத எடுக்க முடியாது சார்.

எனக்கு வெளங்கல, கட்டுரைதான, இன்னொரு இதழுக்குப் போடுவோம்னேன். அவ, "இத்தனை வருசமா நல்லாருக்கும்மா நல்லாருக்கும்மான்னு சொன்னாரே மச்சான், எதுவுமே நெசமில்லையா"ன்னா. நெசமில்லாம என்ன, ஒன் மொகத்தைப் பாத்துத்தான சொன்னாருன்னேன். அதுக்கு இன்னும் அழுதா.

சரி, இதோட விடுவான்னு பாத்தா, ஒரு வாரம் பொறுத்து அந்த மதிப்பீட்டை எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்துட்டா. வரிக்கு வரி கோடு போடுறா. "முக்காவாசி சரி மச்சான்"ங்கறா. "எல்லாம் ஒரே வாயிதான. கண்டுபுடிச்சிட்டாருல்ல." நானென்ன மட்டமாவா கூவுனேன்னேன். "நீ நல்லாத்தான் கூவுற. ஆனா அவுக பசிக்குக் கூவுறாக, நீ சிரிப்புக்குக் கூவுற"ன்னா. அது என்ன பேச்சு சார். சிரிப்பு வந்தா நல்லதுதான.

மெய்கண்டானுக்கு எழுதிப் போட்டா, திருத்தி அனுப்புறேன், அதே ரெண்டாவது ஆளுகிட்டயே திரும்பக் காட்டுங்கன்னு. அவரும் சரின்னுட்டாரு. அன்னையிலருந்து காலேஜு விட்டதும் ரிக்கார்டரத் தூக்கிக்கிட்டு மேலூர்ச் சந்தை, மதுரையில பூ மார்க்கெட்டு, எங்க எவ கூவுனாலும் பின்னாடியே போறா. வெயில்ல கறுத்து, கன்னம் ஒட்டி, கால்ல ஆணி. நான் கூடவே இருக்கேன், என்னைக் கேக்க மாட்டேங்கறா. ஒரு கீரைக்காரம்மா வீட்டுக்கே போயி, அந்தம்மா எதுக்கு 'கீரை'ய விட்டுப்புட்டு 'அம்மா'வ இழுக்குதுன்னு கேட்டுட்டு வந்திருக்கா. வீட்டுக்குள்ள யாரு இருந்தாலும் அம்மான்னா திரும்புவாகல்ல, அதுக்காம். அதைச் சொல்றப்ப அவ மொகத்துல ஒரு வெளிச்சம் இருந்துச்சு. அது என்னவோ எனக்கு நல்லதாப் படல. காய்ச்சக்காரி மொகம் மாதிரி இருந்துச்சு.

ஒருநா கேட்டேன், எதுக்குடி இப்புடி ஒடம்பக் கெடுத்துக்கிற, ஐயாகிட்ட நேராப் போயி, அது நாந்தேன்யான்னு சொன்னா முடிஞ்சுதேன்னு. அவ என்னையத் திரும்பிப் பாத்தா. "எழுதுனது நான்னு அவருக்குத் தெரியாம இருக்கணும் மச்சான். தெரியாமலே ஒருதடவ, ஒரே ஒருதடவ, நல்லாருக்குன்னு சொல்லணும். அது போதும் எனக்கு"ன்னா.

பாவம், பயப்படுறான்னு நெனச்சேன். அவளுக்குக் கூச்சம். நமக்கென்ன கூச்சம்?

ஐயா வீட்டுக்கு ஒரு விசேசத்துக்கு மைக் செட்டுக் கட்டப் போயிருந்தேன். கேக்க ஆளு இல்லாத நேரமாப் பாத்து, ஐயா, கூவலப் பத்தி ஒரு கட்டுரை ஒங்ககிட்ட வந்துச்சே, அது நம்ம மாரி எழுதுனதுன்னேன்.

அவரு கண்ணாடிய நெத்திக்கு ஏத்தல சார். கழட்டிட்டாரு. கழட்டிக் கையில வச்சுக்கிட்டு, "மாரியா"ன்னாரு. ஆமாய்யான்னேன். தண்ணி கேட்டாரு. குடுத்தேன். குடிக்கல. "நான் எழுதுனது சரிதானேய்யா"ன்னாரு. என்கிட்டச் சொன்ன மாதிரி இல்ல, செவத்துக்கிட்டச் சொன்ன மாதிரி இருந்துச்சு. நான் விடுவனா? ஐயா, பிள்ள அன்னந்தண்ணி இல்லாம வெயில்ல திரியிதுய்யா, ஒங்களத் தெய்வமா நெனைக்கிதுய்யான்னு சொல்லி ஒரு பாட்டம் அழுதும் காட்டிட்டேன். "சரி, நான் பேசிக்கிறேன், நீ போ"ன்னாரு. நிற்கன்னு சொல்லல. அத நான் கவனிச்சேன்.

மறுநாளே போனு வந்துச்சு. மாரி ஹெட்போனு மாட்டி கூவல் கேட்டு எழுதிக்கிட்டு இருந்தா. ஐயா பேரப் பாத்துட்டு எந்திரிச்சு நின்னுதான் பேசுனா, எப்பவும் அப்படித்தான். நான் ஸ்பீக்கரப் போட்டுவிட்டேன்.

"அம்மா மாரி, அந்தக் கட்டுரை நல்லாருக்கும்மா. நான் ஏதோ அவசரத்துல, ஒடம்பு சரியில்லாத நேரத்துல, சரியாப் படிக்காம எழுதிப்புட்டேன். திரும்பப் படிச்சேன். அருமையா இருக்கு. மெய்கண்டானுக்கும் எழுதிட்டேன், இருக்கிற மாதிரியே போடச் சொல்லி."

பழைய கட்டுரைய சார். இவ புதுசா எழுதிக்கிட்டு இருந்தத இல்ல. நம்ம வாயி இருக்கிற கட்டுரை. எனக்கு ஒரே சந்தோசம், கையத் தட்டப் போயிட்டேன்.

மாரி, "சரிங்கய்யா"ன்னா. அவ்வளவுதான். வச்சுட்டு என்னையக் கேட்டா, "நீ போய்ச் சொன்னியா?"

ஆமா, பின்ன யாரு சொல்றதுன்னேன்.

வையல சார். வைஞ்சிருக்கலாம். ஹெட்போனக் கழட்டி, அந்த ஒயரைச் சுத்திச் சுத்தி, நான் மைக் ஒயரைச் சுத்துவேனே அது மாதிரி ஒழுங்காச் சுத்தி, பெட்டியில வச்சு மூடிட்டா. மேசையில ரொம்பிக் கெடந்த தாளையெல்லாம் எடுத்து அலமாரிக்கு மேல போட்டுட்டா. "சாப்புடுறியா"ன்னா. நான் சாப்புட்டேன். அவ சாப்புடல.

இதழு வந்துச்சு. முனைவர் சந்தனமாரின்னு கொட்டை எழுத்துல. நான் தெருப் பூராக் காட்டுனேன். அவ பிரிக்கல சார். இந்தா இப்ப நிரந்தர வேலைக்கு விண்ணப்பம் போட்டா, அதுல எல்லாக் கட்டுரையும் எழுதுனா, இத மட்டும் எழுதல. எதுக்குடி விட்டேன்னா, "அது பொய்யி மச்சான்"ங்கறா. அச்சுல வந்திருக்கு, எப்புடிப் பொய்யாகும்? நீங்களே சொல்லுங்க. ஐயா ரெண்டு தடவ போன் பண்ணுனாரு, காலேஜுல இருக்கேன்னு சொல்லச் சொல்லிட்டா. பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு. ஒரு கல்யாணத்துல என்னையப் பாத்து, "மாரி சௌக்கியமா"ன்னாரு. சௌக்கியம்யான்னேன். மனுசன் பாதியா எளைச்சிட்டாரு.

வீடு வீடா இல்ல சார். குழம்பு நல்லாருக்கு புள்ளன்னா, "நான் வச்சதுன்னு தெரியாமச் சாப்புட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"ங்கறா. சேலை நல்லாருக்குன்னா பாக்குறா, ஒரு பார்வை. அதனால நான் எதையும் நல்லாருக்குன்னு சொல்றதில்ல. நல்லால்லன்னும் சொல்ல வராது எனக்கு. என்னத்தப் பேசுறது? பேசாம இருக்கேன். நான் பேசாம இருக்கேன் சார், எங்க தெருவுல இதச் சொன்னா நம்ப மாட்டாய்ங்க.

இன்னைக்குக் காலையில ஒண்ணு செஞ்சேன். இந்த ஆம்ப்ளிஃபயர ரிப்பேருக்கு மதுரை கொண்டு வந்தேனா, அந்தக் கடைக்காரரு போன வாங்கி மாரிக்கு அடிச்சேன். அவளுக்கு அந்த நம்பர் தெரியாது. இதுவரைக்கும் எடுக்காத ஒரு கொரலு எடுத்தேன். பாளையங்கோட்டையில ஓய்வுபெத்த ஒரு பேராசிரியரு, வயசு எழுபதுக்கு மேல, மூச்சு கொஞ்சம் வாங்கும். யாரைப் பாத்தும் எடுக்கல, நானாச் செஞ்சது. "அம்மா, வணக்கம்மா. என்னைய ஒனக்குத் தெரியாது. ஒன்னையும் எனக்குத் தெரியாது. நூலகத்துல ஒரு இதழப் பெரட்டுனேன், கூவலப் பத்தி ஒரு கட்டுரை. யாரு எவருன்னு தெரியாமத்தான் படிச்சேன். ரொம்ப நல்லாருந்துச்சும்மா."

 "ரொம்ப நன்றிங்கய்யா"ன்னா. என்ன மரியாதையா, என்ன மெதுவா.  ஜெயிச்சுட்டேன்னு நெனச்சேன்.

"ஐயா, அதுல எது சரியில்லைன்னும் ஒண்ணு சொல்லுங்கய்யா"ன்னா.

நான் எட்டாப்பு சார். அவரு பேராசிரியரு, அவருக்குத் தெரிஞ்சிருக்கும், எனக்குத் தெரியாதுல்ல. மூச்சு வாங்குற மாதிரி வாங்கிக்கிட்டே நிக்கிறேன். எல்லாமே நல்லாத்தாம்மா இருக்குன்னேன். எல்லாமேன்னேன்.

 "வெயில்ல நிக்காத மச்சான்"னா மாரி. "வீட்டுக்கு வா."

சரி புள்ளன்னு சொல்லணும். வாயத் தொறந்தேன், அந்தப் பாளையங்கோட்டைக்காரரு கொரலுதான் வருது. அத முழுங்கிட்டு என் கொரலுல சொல்லலாம்னு பாத்தேன். எதுன்னு தெரியல சார். தேடிக்கிட்டே நின்னேன். அதுக்குள்ள வச்சுட்டா.